வாயில் சாது, மூளையில் சீழ்: மூளைச் சீழ்க்கட்டி பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

“சீழில் வளர்ந்தது எல்லோர் வாயிலும் இருக்கிற பாக்டீரியாதானாம். அப்புறம் எப்படி அப்பாவுக்கு மட்டும் மூளைக்குள் போனது?” ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு குடும்பத்தார் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் இதுதான். நுண்ணுயிர் ஆய்வகத்தில் வேலை பார்ப்பவள் என்பதால் இந்தக் கேள்வி என்னிடமும் சுற்றி வந்து சேர்ந்துவிடும். அடிக்கடி வருபவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். நோயாளியை நேரில் பார்க்கும் டாக்டர் வேறு மாதிரிச் சொன்னால் அவர் சொல்வதைத்தான் கேட்க வேண்டும்.

மூளைச் சீழ்க்கட்டி என்றால் புற்றுநோய்க் கட்டியா?

இல்லை. உடம்பில் கொப்புளம் பழுத்துச் சீழ் வைப்பதுபோல மூளைத் திசுவுக்குள் சீழ் சேர்ந்து நிற்பது இது. மூளைக்காய்ச்சலும் இதுவும் ஒன்றல்ல. மூளைக்காய்ச்சலில் மூளையைச் சுற்றியுள்ள உறையில் அழற்சி பரவலாக இருக்கும். இதில் ஓரிடத்தில் தொற்று குவிந்திருக்கும்.

முதல் சில நாட்கள் கட்டி என்று சொல்ல ஒன்றுமே இருக்காது. அந்த இடத்துத் திசு வீங்கிக் கொழகொழவென்று ஆகும். பிறகு நடுப்பகுதி அழுகிச் சீழாகும். ஏறக்குறைய இரண்டு வாரத்தில் உடம்பு அதைச் சுற்றி நார்த்திசுவால் ஒரு சுவர் எழுப்பிவிடும். தொற்று பரவாமல் தடுக்கத்தான் அந்தச் சுவர். ஆனால் மருந்து உள்ளே போவதையும் அதே சுவர் தடுக்கும். ஏன் ஊசி போட்டுச் சீழை எடுக்கிறார்கள் என்ற கேள்விக்குப் பாதி பதில் இங்கேயே இருக்கிறது.

‘தீங்கில்லாத பாக்டீரியா’ என்கிறார்கள். தீங்கில்லாதது எப்படி இதைச் செய்யும்?

‘தீங்கில்லாதது’ என்பது அந்தக் கிருமியின் குணத்தைப் பற்றிய நற்சான்றிதழ் இல்லை. அது இருக்கிற இடத்தில் இருக்கும்வரை தொந்தரவு செய்யாது என்பதுதான் அதன் பொருள். நம் வாயில் 700-க்கும் மேற்பட்ட பாக்டீரியா இனங்கள் கண்டறியப்பட்டிருக்கின்றன. எச்சில், ஈறின் தோல், நோயெதிர்ப்புச் செல்கள், பக்கத்தில் வாழும் மற்றக் கிருமிகள் என்று எல்லாமாகச் சேர்ந்து ஒவ்வொன்றையும் அதனதன் எல்லையில் வைத்திருக்கின்றன.

மூளையில் அந்தக் காவல் இல்லை. ரத்தத்திலிருந்து கண்டதும் உள்ளே நுழையாதபடி அங்கே வலுவான தடுப்பு உண்டு. அதனால்தான் இந்த நோய் இவ்வளவு அரிது. அந்தத் தடுப்பைத் தாண்டி ஒரு சிறு கூட்டம் உள்ளே போய், அதுவும் ஏற்கெனவே ரத்த ஓட்டம் குறைந்து நைந்துபோன இடத்தில் இறங்கிவிட்டால், தட்டிக் கேட்க ஆள் வந்து சேர நேரமாகும். எனவே “இது கெட்ட கிருமியா?” என்று கேட்பதில் அதிகப் பயனில்லை. “எந்த வழியாக வந்தது?” என்பதுதான் சிகிச்சைக்கு உதவும் கேள்வி.

எந்தக் கிருமிகள் இப்படிச் செய்கின்றன?

அதிகம் காணப்படுவது ஸ்ட்ரெப்டோகாக்கஸ் ஆஞ்சினோசஸ் குழு. பழைய ரிப்போர்ட்டுகளிலும் பழைய டாக்டர்களின் பேச்சிலும் இதற்கு ‘மில்லெரி’ என்று பெயர். இந்தக் குழுவில் ஆஞ்சினோசஸ், கான்ஸ்டெல்லாட்டஸ், இன்டர்மீடியஸ் என்று மூன்று இனங்கள். தொண்டை வலிக்குக் காரணமான ஸ்ட்ரெப்டோகாக்கஸுக்கு இவை உறவுதான், ஆனால் போக்கு வேறு. இவற்றின் தனித்திறமையே சீழ் கட்டவைப்பது.

மூன்றில் மூளைக்கும் கல்லீரலுக்கும் போய்ச் சீழ் வைப்பதில் முன்னால் நிற்பது இன்டர்மீடியஸ். பற்களின் மேல் படியும் காரையில் சாதாரணமாக வாழ்வது இது. திசுக்களை ஒட்டிப் பிடித்திருக்கும் பசையைக் கரைக்கும் நொதி இதனிடம் உண்டு. மனிதச் செல்களைத் தேடிப் பிடித்துத் துளைபோடும் நச்சு ஒன்றையும் சுரக்கிறது. இன்டர்மீடிலைசின் என்பது அதன் பெயர். இத்தனையையும் வைத்துக்கொண்டு பல்லிடுக்கில் சும்மா உட்கார்ந்திருக்கிறது என்பதுதான் எனக்கு இன்னமும் வியப்பு.

ஆய்வகத்தில் இதை அடையாளம் காண ஒரு பழைய வழி உண்டு. கரியமில வாயு அதிகமுள்ள பெட்டியில் வைத்து எடுத்த ரத்த ஆகார்த் தட்டில் (கிருமி வளர்க்க ரத்தம் கலந்த கூழ் ஊற்றிய தட்டு) குண்டூசி முனையைவிடச் சின்னதாகக் கிருமிக் கூட்டங்கள் தெரியும். மூடியைத் திறந்ததும் சர்க்கரையைக் கருக்கிக் காய்ச்சியதுபோல இனிப்பாக ஒரு வாசனை வரும். டைஅசிட்டைல் என்ற பொருள் அதற்குக் காரணம். இப்போது யாரும் தட்டை முகர்ந்து பார்க்கக் கூடாது, அது பாதுகாப்பும் இல்லை. ஆனால் சில தட்டுகளில் முகராமலே மூக்குக்கு வந்துவிடும்.

இதனுடன் ஃபியூஸோபாக்டீரியம், பிரிவோடெல்லா, பார்விமோனாஸ் போன்ற ஆக்சிஜன் ஒவ்வாத கிருமிகளும் சேர்ந்து வரும். ஒன்று ஆக்சிஜனைத் தின்று தீர்க்க, மற்றது அந்த இடத்தில் செழிக்கும். ஒரே சீழில் இரண்டு மூன்று கிருமிகள் வந்தால் அதை ஆய்வகத்தின் பிழை என்று நினைக்க வேண்டாம். மூளை அறுவை சிகிச்சைக்குப் பிறகு வரும் தொற்றில் தோலில் வாழும் ஸ்டஃபைலோகாக்கஸ், கியூட்டிபாக்டீரியம் ஆகியவை வரலாம். பின்னது முகப்பருவோடு தொடர்புடைய அதே கிருமி.

வாயிலிருந்தும் காதிலிருந்தும் மூளைக்கு எப்படிப் போகிறது?

இரண்டு வழிகள். ஒன்று, பக்கத்து வீட்டுச் சுவர் வழியாக. நெற்றி சைனஸுக்கும் மூளைக்கும் நடுவே இருப்பது மெல்லிய எலும்பு. நடுக்காதுக்கு மேலேயும் அப்படித்தான். எலும்பை அரித்துக்கொண்டு தொற்று உள்ளே போகலாம். அல்லது எலும்பின் ஊடாகப் போகும் சிறு சிரைகள் வழியாகப் போகலாம். இந்தச் சிரைகளில் வால்வு கிடையாது, ரத்தம் எந்தப் பக்கமும் போகும். அதனால் சைனஸ் தொற்று முன்மூளையிலும், நாள்பட்டுச் சீழ் வடியும் காது பக்கவாட்டு மூளையிலோ சிறுமூளையிலோ கட்டியை உண்டாக்குவது வழக்கம். ஸ்கேனில் கட்டி இருக்கும் இடத்தைப் பார்த்தே, “காதைப் பாருங்கள்” என்று டாக்டர்கள் சொல்வது இதனால்தான்.

பதின்ம வயதுப் பிள்ளைகளுக்குச் சளியும் சைனஸ் வலியும் இருந்து, நெற்றியின் நடுவில் மாவுபோல மெத்தென்று வீக்கம் வந்தால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது. நெற்றி எலும்பே தொற்றில் அரிக்கப்படுவதன் அடையாளம் அது. அதற்குப் பின்னால் மூளைப் பக்கமும் சீழ் இருக்க வாய்ப்புண்டு.

இன்னொரு வழி ரத்தம். நுரையீரல் சீழ், இதய வால்வுத் தொற்று, பல் வேரின் சீழ் ஆகியவற்றிலிருந்து கிருமி ரத்தத்தில் மிதந்து போகும். இப்படி வரும்போது ஒன்றுக்கு மேற்பட்ட கட்டிகள் இருக்கலாம்.

இதயக் குறையோடு பிறந்த பிள்ளைகளுக்கு இது வரும் என்கிறார்களே?

எல்லா இதயக் குறைக்கும் இல்லை. ஃபாலோ நான்மைக் குறைபோல (Tetralogy of Fallot), உதடும் நகமும் நீலம் பாரிக்கும் வகைகளுக்குத்தான் இந்த அச்சம்.

நம் நுரையீரல் மூச்சுக்கு மட்டுமல்ல, ரத்தத்துக்கு ஒரு வடிகட்டியும்கூட. உடம்பைச் சுற்றி வரும் ரத்தம் நுரையீரலின் மயிரிழைக் குழாய்கள் வழியாகப் போகும்போது அதிலுள்ள கிருமிகளில் பெரும்பகுதி அங்கேயே பிடிபட்டு அழிக்கப்படும். நீலம் பாரிக்கும் இதயக் குறையில் ரத்தத்தின் ஒரு பகுதி நுரையீரலுக்குப் போகாமலே குறுக்கு வழியில் இடப்பக்கம் சேர்ந்து மூளைக்கு ஏறிவிடுகிறது. வடிகட்டி தவறிப்போகிறது. போதாக்குறைக்கு, ஆக்சிஜன் பற்றாக்குறையை ஈடுகட்ட உடம்பு சிவப்பணுக்களை அதிகம் உற்பத்தி செய்வதால் ரத்தம் கெட்டியாகி, மூளையில் அங்கங்கே சிறு பகுதிகள் ரத்தமில்லாமல் நைந்துபோகலாம். கிருமிக்கு அதுவே விளைநிலம். இந்தப் பிள்ளைகளுக்குத் தலைவலியும் வாந்தியும் சேர்ந்து வந்தால் ‘வயிற்றுக் கோளாறு’ என்று இரண்டு நாள் பார்க்காமல் ஸ்கேனுக்குக் கேளுங்கள்.

பல் டாக்டரிடம் போனதால்தான் வந்ததா? இனி பல் சிகிச்சையே வேண்டாமா?

பல் பிடுங்கும்போது கொஞ்சம் கிருமி ரத்தத்தில் கலக்கும், உண்மை. பல் துலக்கும்போதும் மெல்லும்போதும்கூடக் கலக்கும். ஈறு வீங்கி ரத்தம் கசியும் வாயில் இது தினமும் நடக்கிறது. உடம்பு சில நிமிடங்களில் அதைத் துடைத்துவிடும்.

ஆகவே பயப்பட வேண்டியது பல் டாக்டரின் நாற்காலியைப் பார்த்து அல்ல, வைத்தியம் பார்க்காமல் விட்ட சொத்தைப் பல்லைப் பார்த்து. இங்கிலாந்தின் பிளிமத் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2022-ல் வெளியிட்ட ஆய்வில் மூளைச் சீழ்க்கட்டி வந்த 87 பேரின் விவரங்களைப் பார்த்தார்கள். காது, சைனஸ் என்று தெளிவான காரணம் பிடிபட்டவர்களைவிட, காரணமே பிடிபடாதவர்களின் மாதிரியில் வாய்க் கிருமி இருக்கும் வாய்ப்பு ஏறக்குறைய மூன்று மடங்கு. இதை வைத்து ‘எல்லாம் பல்லால்தான்’ என்று முடிவுகட்ட முடியாது. ஆனால் காரணம் தெரியாத கட்டி என்றால் வாயையும் எக்ஸ்ரே எடுத்துப் பார்க்க இது போதுமான காரணம். வலியே இல்லாத பல்லின் வேரடியிலும் சீழ் இருக்கும்.

வாய் கொப்பளிக்கும் மருந்தால் இந்தக் கிருமிகளை ஒழித்துவிடலாமா?

முடியாது, தேவையும் இல்லை. காலி செய்த இடத்தில் சில மணி நேரத்தில் திரும்பக் குடியேறிவிடும். பல்லையும் ஈறையும் நன்றாக வைத்துக்கொண்டால் போதும்.

காய்ச்சலே இல்லையே, பிறகு எப்படித் தொற்று என்கிறார்கள்?

நோயைக் கண்டறிய நாளாகிவிடுவது பெரும்பாலும் இந்த எண்ணத்தால்தான். தலைவலி, காய்ச்சல், உடம்பின் ஒரு பகுதியில் பலவீனம் என்ற மூன்றும் சேர்ந்து வரும் என்று பாடப்புத்தகம் சொல்லும். உண்மையில் மூன்றும் ஒன்றாக இருப்பது ஐந்தில் ஒருவருக்குத்தான். காய்ச்சல் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு மட்டுமே. ரத்தப் பரிசோதனையில் வெள்ளை அணுக்களும், அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. அளவும் சாதாரணமாக இருப்பதும் உண்டு.

தலைவலிதான் அதிகம் பேருக்கு வருவது. ஒரே பக்கம் நிற்கும், நாளுக்கு நாள் கூடும், மாத்திரைக்கு அடங்காது. மற்றவை கட்டி இருக்கும் இடத்தைப் பொறுத்தவை. முன்மூளையில் என்றால் ஆளின் சுபாவமே மாறலாம்: சுறுசுறுப்பான மனிதர் ஒன்றிலும் ஒட்டாமல் உட்கார்ந்திருப்பார், வீட்டில் மனச்சோர்வு என்று நினைப்பார்கள். பேச்சு மையத்துக்குப் பக்கத்தில் என்றால் சொல்ல வந்த சொல் வாயில் வராது. சிறுமூளை என்றால் நடை தள்ளாடும். ஏறக்குறைய நாலில் ஒருவருக்கு வலிப்பு வரும். முன்பின் வலிப்பே வராத பெரியவருக்கு முதல் முறை வலிப்பு வந்தால் அதை அப்படியே விடவே கூடாது.

திடீரென்று தலைவலி உச்சத்துக்குப் போய், கழுத்து விறைத்து, நினைவு மங்கினால் கட்டி மூளையின் நீர் அறைக்குள் உடைந்திருக்கலாம். அது உயிருக்கு ஆபத்தான நிலை, நிமிடக் கணக்கில் மருத்துவமனை சேர வேண்டும்.

ஸ்கேனில் ‘வளையம்’ தெரிகிறது, புற்றுநோயாகவும் இருக்கலாம் என்றார்கள். எப்படிப் பிரித்தறிவது?

சாயம் ஏற்றி எடுத்த ஸ்கேனில் சீழ்க்கட்டியின் சுவர் வளையமாக ஒளிரும். மூளைப் புற்றும், காசநோய்க் கட்டியும், நாடாப்புழு முட்டையால் வரும் நீர்க்கட்டியும்கூட வளையமாகத் தெரியலாம். அதனால் முதல் நாளே அடித்துச் சொல்ல டாக்டர் தயங்குவார்.

எம்.ஆர்.ஐ.யில் டிஃப்யூஷன் என்றொரு படம் எடுப்பார்கள். தண்ணீர் மூலக்கூறுகள் எவ்வளவு தாராளமாக நகர்கின்றன என்று காட்டும் படம் அது. சீழ் கெட்டியானது, செல் குப்பையும் புரதமும் அடர்ந்தது, அதற்குள் தண்ணீர் நகர முடியாது. அதனால் வளையத்தின் நடுப்பகுதி பளிச்சென்று வெள்ளையாகத் தெரியும். புற்றுக் கட்டியின் அழுகிய நடுப்பகுதியில் தண்ணீர் தாராளமாக நகர்வதால் பெரும்பாலும் கறுத்திருக்கும். நூற்றுக்கு நூறு இல்லை, ஆனால் மிக உதவியானது. கடைசித் தீர்ப்பு ஊசியில் வருவதுதான்.

முதுகில் நீர் எடுத்துப் பார்த்தால் தெரியாதா?

கட்டியால் மண்டைக்குள் அழுத்தம் ஏறியிருக்கும்போது கீழே முதுகில் நீரை எடுத்தால் மூளை கீழ்நோக்கி இழுபட்டு உயிர்போகும் அபாயம் உண்டு. எடுத்தாலும் கிருமி கிடைப்பது அரிது. அதனால் தவிர்க்கிறார்கள்.

கட்டி இருக்கிறது என்று தெரிந்தும் ஆன்டிபயாடிக்கை உடனே தொடங்கவில்லை. கவனக்குறைவா?

பெரும்பாலும் இல்லை, யோசித்துச் செய்வதுதான். மருந்து ஏறிவிட்டால் சீழில் கிருமி வளராமல் போகலாம். நோயாளி நிலையாக இருந்து, அன்றோ மறுநாளோ சீழை எடுக்க முடியும் என்றால் அதுவரை காத்திருந்து மாதிரி எடுத்த கையோடு மருந்தைத் தொடங்குவார்கள். நிலை மோசம் என்றால், கட்டி உடையும் ஆபத்து இருந்தால், அல்லது அறுவை தாமதமாகும் என்றால் காத்திருக்க மாட்டார்கள்.

ஊசி போட்டுச் சீழை எடுத்தே ஆக வேண்டுமா?

பொதுவாக 2.5 செ.மீ.க்கு மேற்பட்ட கட்டி என்றால் எடுப்பார்கள். மண்டையில் சின்னத் துளை போட்டு, ஸ்கேன் காட்டும் வழியில் ஊசியைச் செலுத்தி உறிஞ்சுவது வழக்கம். மண்டையைத் திறந்து கட்டியை முழுதாக எடுப்பது இப்போது குறைவு. எடுப்பதால் அழுத்தம் குறையும், மருந்து உள்ளே போகும், எந்தக் கிருமி என்றும் தெரியும்.

இந்த அறுவைக்கு ஒரு முன்கதை உண்டு. கிளாஸ்கோவைச் சேர்ந்த அறுவை மருத்துவர் வில்லியம் மக்கியூவன் 1876-ல் ஒரு சிறுவனின் முன்மூளையில் சீழ் இருப்பதை அறிகுறிகளை மட்டும் வைத்துக் கணித்தார். எக்ஸ்ரேகூடக் கண்டுபிடிக்கப்படாத காலம். அறுவைக்குச் சம்மதம் கிடைக்கவில்லை. சிறுவன் இறந்த பிறகு திறந்து பார்த்தபோது, அவர் சொன்ன இடத்திலேயே சீழ் இருந்தது. 1893-ல் அவர் வெளியிட்ட நூலில் அறுவை செய்த 19 பேரில் 18 பேர் பிழைத்ததாகப் பதிவிருக்கிறது. ஆன்டிபயாடிக் மருந்தே இல்லாத காலம் அது. சீழை வெளியேற்றுவதற்கு எவ்வளவு வலிமை உண்டு என்பதற்கு இதைவிட வேறு சாட்சி எனக்குத் தெரியாது.

கல்ச்சரில் (சீழிலுள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை) ஒன்றும் வளரவில்லை. அப்படியென்றால் தொற்று இல்லையா?

அப்படி அர்த்தமில்லை. முன்பே மருந்து கொடுத்திருக்கலாம். மாதிரி காற்றில் நின்றிருக்கலாம். ஆக்சிஜன் ஒவ்வாத கிருமிகளுக்குக் காற்றே விஷம். பஞ்சுக் குச்சியில் தொட்டு அனுப்பிய மாதிரி எங்கள் மேசைக்கு வரும்போது பாதி உயிர் போயிருக்கும். சிரிஞ்சில் காற்றை வெளியேற்றி மூடி, சீழாகவே உடனே அனுப்பினால் நிலைமை வேறு. மூடியைத் திறந்ததும் அழுகல் நாற்றம் அடித்தால், எது வளர்ந்தாலும் வளராவிட்டாலும் ஆக்சிஜன் ஒவ்வாத கிருமி உள்ளே இருந்தது என்று நாங்கள் எழுதிக்கொடுப்போம்.

வளராதபோது கிருமியின் மரபணுவைத் தேடும் 16எஸ் பரிசோதனை கைகொடுக்கும். செத்த கிருமியையும் அது அடையாளம் காட்டும். எந்த மருந்துக்கு அடங்கும் என்று மட்டும் அது சொல்லாது.

ஆறு வாரம் ஊசி என்கிறார்கள். நன்றாக இருக்கும்போது நிறுத்தினால் என்ன?

தொடக்கத்தில் பெரும்பாலும் செஃப்ட்ரியாக்ஸோன் அல்லது செஃபோடாக்ஸிம், கூடவே மெட்ரோனிடசோல். முன்னது ஸ்ட்ரெப்டோகாக்கஸுக்கு, பின்னது ஆக்சிஜன் ஒவ்வாதவற்றுக்கு. மொத்தம் ஆறு முதல் எட்டு வாரம் வரை என்பது வழக்கமான கணக்கு. சில நோயாளிகளுக்குப் பிற்பாதியில் மாத்திரைக்கு மாற்றுவதும் உண்டு. அதை டாக்டர்தான் தீர்மானிக்க வேண்டும்.

தலைவலி போய்விட்டது என்பது அழுத்தம் குறைந்ததன் அடையாளம், கிருமி ஒழிந்ததன் அடையாளம் அல்ல. வீக்கத்தைக் குறைக்க ஸ்டீராய்டு கொடுத்திருந்தால் இன்னும் ஏமாற்றும். அதே சமயம், சிகிச்சை முடிந்தும் ஸ்கேனில் வளையம் சில மாதம் மங்கலாகத் தெரியும். அதைப் பார்த்துக் கலங்க வேண்டாம்.

மெட்ரோனிடசோல் வாரக்கணக்கில் போகும்போது பாதத்தில் மரமரப்பு, எரிச்சல், நடையில் தள்ளாட்டம், பேச்சுக் குழறல் வந்தால் அன்றே சொல்லுங்கள். மருந்தின் விளைவாக இருந்தால் நிறுத்தியபின் பெரும்பாலும் சரியாகும். நோய்தான் திரும்புகிறது என்று வீட்டில் பேசாமல் இருந்துவிட்டால்தான் சிக்கல்.

வீட்டில் மற்றவர்களுக்குத் தொற்றுமா?

தொற்றாது. அதே கிருமி உங்கள் வாயிலும் ஏற்கெனவே இருக்கிறது. ஒரே தட்டில் சாப்பிடலாம், கட்டிப்பிடிக்கலாம்.

மூளை தின்னும் அமீபா என்கிறார்களே, அதுவா இது?

இல்லை. அது நன்னீரிலிருந்து மூக்கு வழியே போகும் ஒற்றைச்செல் உயிரி. மூளையைப் பரவலாக அழித்து நாட்களில் உயிரைப் பறிப்பது. இதற்கும் அதற்கும் தொடர்பில்லை.

பிழைத்துக்கொள்வாரா?

முக்கால்வாசி நேரம் இந்தக் கேள்வி கேட்கப்படாமலே முகத்தில் நிற்கும். ஆண்டுக்கு லட்சம் பேரில் ஒருவர் அல்லது அதற்கும் குறைவானவர்களுக்கே இது வருகிறது. 1960-களில் வந்தவர்களில் நூற்றுக்கு 40 பேர் இறந்தார்கள். சி.டி. ஸ்கேனும் நல்ல மருந்துகளும் வந்தபின் அது ஏறக்குறைய 10 ஆகக் குறைந்தது. சுமார் 70 பேர் முழுதாகவோ சிறு குறையோடோ தேறுகிறார்கள். சேரும்போது நினைவு எப்படி இருந்தது என்பதும், கட்டி உடைந்துவிட்டதா என்பதும்தான் முடிவை அதிகம் தீர்மானிக்கும்.

குணமான பிறகும் சிலருக்கு வலிப்பு தொடரும். மாத்திரையை எப்போது நிறுத்தலாம், வண்டி எப்போது ஓட்டலாம் என்பதை டாக்டரிடம் கேட்டே முடிவு செய்ய வேண்டும். மறதியும் சீக்கிரம் களைப்பதும் மாதக்கணக்கில் இருக்கலாம். அதைச் சோம்பல் என்று சொல்லிவிடாதீர்கள்.

எல்லாம் பார்த்தும் காரணம் தெரியவில்லை என்றார்கள். அப்படியே விட்டுவிடலாமா?

விடாதீர்கள், ஏனென்றால் வந்த வழி திறந்தே இருந்தால் மறுபடி வரலாம். பல், காது, சைனஸ் பார்த்தாயிற்று, இதய எக்கோவும் சரி என்றால், நுரையீரலைக் கேளுங்கள். நுரையீரலில் தமனியும் சிரையும் நேராகச் சேர்ந்துவிட்ட முடிச்சு சிலருக்குப் பிறவியிலேயே இருக்கும். மூச்சுக்கு ஒரு தொந்தரவும் தராமல், வாய்க் கிருமியை வடிகட்டாமல் மூளைக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். சிரையில் நுண்குமிழ் கலந்த உப்பு நீரைச் செலுத்தி எக்கோ பார்த்தால் அந்தக் குறுக்கு வழி தெரியும். ரத்தக்குழாய் வழியாகவே போய் அதை அடைத்துவிடவும் முடியும்.

இந்த முடிச்சு பல நேரம் பரம்பரையாக வருவது. நோயாளிக்கோ அவருடைய பெற்றோருக்கோ பிள்ளைகளுக்கோ அடிக்கடி மூக்கில் ரத்தம் வடிகிறதா, உதட்டிலும் நாக்கிலும் விரல் நுனியிலும் சின்னச் சின்னச் சிவப்புப் புள்ளிகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். இருந்தால், டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்களே எடுத்துச் சொல்லுங்கள்.